சைலன்சர் சொல்லும் சரித்திரம்

அண்மையில் அப்புத்தளைக்குச் சென்றிருந்தேன். தம்பேதென்னை வழியாக லிப்டன் சீட்டுக்கு ஏறும் ஒடுங்கிய பாதையில் பழைய லாண்ட்ரோவர் ஒன்று மலை அதிர உறுமிக்கொண்டு எம்மைக் கடந்து சென்றது. அதன் பின்புறத்தில் அகன்ற புதிய புகைக்குழாய் ஒன்று பளபளத்தது. ஆனால் அடுத்த வளைவிலேயே வண்டி ஏறமாட்டாமல் நின்றுவிட்டது. சாரதி அதைப் பின்னோக்கி இறக்கி, மறுபடியும் முயன்றுகொண்டிருந்தார். "இவ்வளவு பெரிய சைலன்சர் போட்டும் ஏன் மாமா இழுக்க மாட்டேங்குது?" என்று என்னுடன் வந்த மருமகன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே பதிவுசெய்கிறேன்.

ஊவாவின் வரலாறு ஏற்றங்களின் வரலாறு. கோப்பிக் காலத்தில் எம் முன்னோர் கால்நடையாகவே இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ரயில் பண்டாரவளையை அடைந்தது 1894இல். அங்கிருந்து பதுளைக்கு வர மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. 1924இல்தான் பதுளையில் ரயில் நின்றது. சரிவைச் சமாளிப்பதற்காகத் தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்வதை வாசகர்கள் அறிவீர்கள். ஆனால் ரயில் நிலையத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள ஸ்டோருக்கும் லயங்களுக்கும் செல்வதற்குத் தொழிலாளர் கைகளால் வெட்டிய கல்பாதைகளே இருந்தன. அங்கே சுற்றி வளைந்து செல்ல இடமில்லை. நேரே ஏறத்தான் வேண்டும்.

அத்தகைய பாதைக்கேற்ற வாகனத்தைத் தந்தது இரண்டாம் உலகப் போர். 1941இல் போர்க்களத்துக்கென உருவான வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 2.2 லீற்றர், வலு 60 குதிரைத்திறன் மாத்திரமே. போருக்குப் பின், வேல்சின் ஆங்கில்சி தீவில் இருந்த தமது பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்திவந்த ரோவர் நிறுவனப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், அதைப் பின்பற்றி லாண்ட்ரோவரை வடிவமைத்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. காலப்போக்கில் தோட்டத்துத் துரைமாரின் வாகனமாகவும் ஆயிற்று.

அதே 1948இல் நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பாதையில் ஓடிய வண்டிக்குப் பதிவிலக்கம் இருந்தது. பாதையை வெட்டியவர்களுக்குப் பதிவு இல்லை. அந்த வண்டியில் அவர்கள் ஏறுவதும் அபூர்வம். உயிர் போகும் நிலை வந்தால், அதுவும் துரையின் அனுமதி கிடைத்தால் மாத்திரமே ஏறலாம்.

அப்படி ஓர் இரவு என் நினைவில் நிற்கிறது. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் தோட்டம் ஒரு பள்ளத்தில் இருந்தது. பெருந்தெருவை அடைய மேலே ஏறவேண்டும். என் தந்தை தோட்டத்து லொறிச் சாரதி. பிரசவ வலியில் துடித்த அயல்வீட்டு அக்காவை மழையில் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். அதற்கு முந்தைய வாரந்தான் துருப்பிடித்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, கைக்குக் கிடைத்த லொறிக்குழாய் ஒன்றை யாரோ அதற்குப் பற்றவைத்திருந்தார்கள். செங்குத்தான வளைவில் வண்டி மும்முறை நின்றது. லயத்து ஆண்கள் சேற்றில் இறங்கித் தள்ளினார்கள். மருத்துவமனையை அடைந்தபோது அக்கா பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. குழாய்தான் காரணம் என்று கூற நான் மருத்துவனல்லன். ஆனால் அந்த அரைமணி நேரத்தை என் தந்தை இறுதிவரை மறக்கவில்லை.

மறுவாரம் ஜீப்பைப் பார்த்த கராஜ் பாஸ் ஒரு சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். "அண்ணே, கான் வெட்டுறவங்களைக் கேளுங்க" என்றார். "ஒடுக்கமான கான்ல தண்ணி வேகமா ஓடி மண்ணையும் இழுத்துக்கிட்டுப் போகும். அகலமா வெட்டினா தண்ணி தேங்கி மண்ணு அங்கேயே நிக்கும்."

பின்னாளில் நூல்களில் படித்தபோது அவர் கூறியது எத்துணை உண்மை என்பது விளங்கிற்று. எஞ்சின் வெளியேற்றும் வாயு விட்டுவிட்டு, அலையலையாக வருகிறது. விரைவாகச் செல்லும் ஓர் அலை தன் பின்னே அழுத்தத்தைக் குறைத்து, சிலிண்டரில் எஞ்சியிருக்கும் புகையையும் இழுத்துச் செல்லும். 2 அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் உட்பரப்பு ஏறத்தாழ 56 சதவீதம் கூடுகிறது. அதே அளவு வாயுவின் வேகம் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. உயர்ந்த சுழற்சியில் இதனால் பாதகமில்லை. ஆனால் மலையேறும் வண்டி ஓடுவது தாழ்ந்த சுழற்சியில். 1958இல் வந்த 2.25 லீற்றர் லாண்ட்ரோவர் எஞ்சினின் உச்ச இழுவையே நிமிடத்துக்கு 2500 சுழற்சியில்தான் கிடைக்கிறது. அப்புத்தளையின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் வலுவில் ஏழிலொரு பங்கு ஏற்கெனவே போய்விடும். எஞ்சியதையும் குழாயில் இழப்பது மதியீனம்.

"எஞ்சினுக்கு எதிரழுத்தம் வேண்டும்" என்று சிலர் விளக்குவதுண்டு. அது தவறு. எதிரழுத்தம் எப்போதும் நட்டமே. வேண்டியது வாயுவின் வேகம். மிக ஒடுங்கிய குழாயும் ஆகாது என்பது இதிலிருந்தே புலப்படும். டர்போ பூட்டிய இன்றைய டீசல் வண்டிகளின் கதை வேறு. டர்போவுக்குப் பின்னால் வழி தாராளமாக இருந்தால் அது விரைவில் சுழலத் தொடங்கும். அங்கே அகன்ற குழாய் நன்மையே செய்யும். பழைய பெற்றோல் வண்டிக்கோ தொழிற்சாலை இட்ட அளவே போதுமானது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவைத்தது. பாதைகள் மாத்திரம் பல தோட்டங்களில் அப்படியே கிடக்கின்றன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியதை எவர் மறப்பார்? மழைநாளில் ஏறக்கூடிய ஒரு வண்டி இந்த மலைகளில் இன்றும் ஓர் உயிரின் விலை.

ஆகவே சைலன்சர் மாற்ற எண்ணும் இளைஞர்கள், அது எப்படி உறுமுகிறது என்று பார்க்குமுன், முதலாம் கியரில், ஆள் நிறைந்த வண்டியுடன், ஈரமான ஏற்றத்தில் அது எப்படி இழுக்கிறது என்று பார்க்கவேண்டும். என் தந்தை வண்டிகளை அப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்.