நெஞ்சில் குழாய் வைத்தார்கள், கதை கேட்டார்களா?

வல்லக்கோட்டையில இருந்து பேசுறேன். பின்னாடி லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. ஒரகடம் ரோட்ல அது ராத்திரியும் ஓயாது.

எங்க ஊர்ல இருந்து படப்பை வழியா தாம்பரம் போய் பீச் ட்ரெயின் ஏறினா, அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917-ல் அங்கே சிகிச்சைக்குப் போன ஒருவரை உங்களுக்குத் தெரியும்: கணிதமேதை ராமானுஜன்.

ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கு. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993-ல் உருவாக்கியது. கணக்கைப் பார்க்கத்தான் போனேன். திரும்பி வரும்போது மனசுல நின்னது அவரோட நோய்.

1917-ல் ராமானுஜன் படுத்தார். அடுத்த இரண்டு வருடங்கள் நர்சிங் ஹோம், சானடோரியம் என்றே போனது. முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய். ராத்திரியானால் காய்ச்சல் வரும், எடை குறைந்துகொண்டே போகும். அந்தக் காலத்தில் காசநோயைச் சந்தேகித்ததில் தப்பில்லை. மருத்துவர்கள் கையில் ஸ்டெதஸ்கோப் இருந்தது. பாரிஸில் லேனெக் 1816-ல் காகிதத்தைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டாரே, அதிலிருந்து நூறு வருடம் தேறிய கருவி.

ஆனால் இந்தியாவில் ராமானுஜனுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவரைப் பார்த்த மற்ற டாக்டர்களுக்குத் தெரியாத அந்த விஷயத்தை பேட்டி ஷா என்ற மருத்துவர்தான் கண்டுபிடித்தார் என்று ஹார்டி ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அதை வைத்து அவர் புற்றுநோயைச் சந்தேகித்தார். அது சரியில்லை. ஆனாலும் பழைய கதை வெளியே வந்ததே, அதைக் கவனியுங்க.

இன்னொரு பழைய கதையும் இருந்தது. 1906-ல், சென்னையில் படிக்கும்போது, ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி. படிப்பை விட்டுட்டு கும்பகோணம் திரும்ப வேண்டியதாச்சு. 1994-ல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய் இல்லை, சீதபேதிக்குக் காரணமான அமீபா வருடக்கணக்கில் உடம்பில் தங்கி கல்லீரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அமீபா நோய்க்கு எமெட்டின் ஊசி அப்போதே இருந்தது. 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் அதைப் பயன்படுத்திக் காட்டியிருந்தார்.

யங் சொல்வதை இனி நிரூபிக்க வழியில்லை. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சேத்துப்பட்டில் இறந்துபோனார்.

எல்லாப் பழியையும் டாக்டர்கள் மேல போடவும் முடியாது. போர்க்காலம். சைவச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். தன்னைப் பற்றி அதிகம் பேசாத மனிதர். அவராச் சொல்லியிருக்க மாட்டார். யாராவது உட்கார்ந்து, "இதுக்கு முன்னாடி உங்களுக்கு என்னல்லாம் வந்திருக்கு?"ன்னு கேட்டிருக்கணும். பதிலுக்குக் காத்திருக்கணும்.

எங்க வேலையிலும் இதேதான். மானிட்டரிங் டேஷ்போர்டு எல்லாம் பச்சையா இருக்கும், யூசர் மட்டும் "ஏதோ சரியில்லை"ன்னு சொல்லிட்டே இருப்பார்.

போன மாசம் அப்பா சாப்பிடும்போது, "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குடா"ன்னார். நான் காதுல ஹெட்போனோட எடிட்டிங்ல இருந்தேன். "மாத்திரை போட்டுக்கோப்பா"ன்னேன். நாலாம் நாள் ஷிஃப்ட்ல மயங்கிட்டார். சர்க்கரை. மாசக்கணக்கா தாகம், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறது எல்லாம் இருந்திருக்கு. டாக்டர் கேட்டப்போ அப்பா ஒண்ணொண்ணா சொன்னார். பக்கத்துல நின்னு நானும் அப்பதான் முதல்தடவை கேட்டேன்.

இப்போ நல்லா இருக்கார். இந்த எபிசோடை அவர் தூங்கின பிறகுதான் எடிட் பண்றேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.