நம் காலடியில் பிரிந்த கண்டம்



புதுக்கோட்டை மாவட்டத்தின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்குள்ள குடைவரைக் கோயில்களை மையினால் குறித்துப் பாருங்கள். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, மலையடிப்பட்டி, குன்றாண்டார்கோயில், திருக்கோகர்ணம், திருமயம் என்று புள்ளிகள் யாவும் மேற்கிலும் நடுவிலுமே விழும். அறந்தாங்கிக்குக் கிழக்கே, கடல்வரையில், ஒரு புள்ளியும் விழாது. கொடுங்கைகளுக்குப் பெயர்பெற்ற ஆவுடையார்கோயில் அப்பக்கத்தில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது கல்லை அடுக்கிக் கட்டிய கோயில், மலையைக் குடைந்ததன்று. குடைவதற்கு அங்கே மலையும் இல்லை, பாறையும் இல்லை. அக்கோயிலுக்கு வேண்டிய கல்லை வேறிடத்திலிருந்துதான் கொண்டுவந்திருத்தல் வேண்டும்.

இந்த வேற்றுமையை அரசர்களின் விருப்பத்தால் வந்ததென்று சொல்ல இயலாது. கிணறு வெட்டுவோரைக் கேட்டால் காரணம் விளங்கும். மேற்கே சில அடி மண்ணைத் தோண்டியதுமே கடப்பாரை பாறையில் மோதி ஒலிக்கும்; வெடி வைத்துத்தான் மேலே போக வேண்டும். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்திலோ ஆழ்துளைக் கருவி நூற்றுக்கணக்கான அடி இறங்கினாலும் மணலும் களியும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு நிலங்கள் இருக்கின்றன.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய நான் இதை மாணவர்களுக்குச் சொன்னதில்லை. “நமது மாவட்டம் தொன்மையான கடினப் பாறையால் ஆனது” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். 2017ஆம் ஆண்டில், நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலம் முன்பு, ஆலங்குடிப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். “ஐயா, எங்கள் ஊர்ப் பக்கம் பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதாமே. கடினப் பாறைக்குள் எண்ணெய் எப்படி வந்தது?” என்று கேட்டான். நெடுவாசலில் மக்கள் திரண்டிருந்த மாதங்கள் அவை. நாளை சொல்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ‘நாளை’ வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. அதற்குள் நான் படித்தறிந்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவை ஒரு காலத்தில் ஒன்றாய் ஒட்டிக்கிடந்தன. அப்பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலத்திலிருந்து எடுத்த பெயர் அது. அக்காலத்தில் இன்றைய சோழமண்டலக் கரைக்குக் கிழக்கே கடல் இல்லை. அண்டார்க்டிகாவின் நிலமே கிடந்தது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இணைப்பு நெகிழத் தொடங்கியது.

திருவிழாக் கடையில் சவ்வு மிட்டாய் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுக்க இழுக்க நடுப்பகுதி மெலிகிறது. நிலத்தின் கீழ்ப்பகுதி வெப்பத்தால் இளகியிருப்பதனால் அவ்வாறே இழுபட்டு மெலிந்தது. மேற்பகுதியோ குளிர்ந்து இறுகியது. அது இழுபடாது, வெடிக்கும். ஆகவே நீண்ட வெடிப்புகள் உண்டாயின. வெடிப்புகளுக்கு இடையே சில துண்டங்கள் கீழே சரிந்து பள்ளங்கள் ஆயின. சில சரியாமல் மேடுகளாய் நின்றன. இவ்வாறு ஒரு கண்டம் பிளப்பதை இன்றும் கண்ணால் காணலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கனீக்கா முதலிய நீண்ட ஏரிகள் கிடப்பது இத்தகைய பள்ளங்களில்தான். பிளவு இன்னும் முற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் செங்கடலே சான்று.

நம் கரையில் உண்டான பள்ளங்களும் மேடுகளும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வரிசையாய்க் கிடக்கின்றன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், இராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம் என்று அவற்றுக்கு நிலவியலார் பெயரிட்டிருக்கின்றனர். இடையே கும்பகோண மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு, மண்டபம் மேடு ஆகியன உள்ளன. தஞ்சைச் சமவெளியில் பேருந்தில் செல்பவருக்கு ஒரு மேடும் தெரியாது. எல்லாம் மண்ணுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. இவை யாவும் சேர்ந்ததே காவிரிப் படுகை. பெயர் காவிரியினுடையதாயினும், பள்ளம் ஆற்றுக்குப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. நிலத்தின்மேல் அதன் பரப்பு 25,000 சதுரக் கிலோமீட்டர். கடலுக்கு அடியில் அதைப்போல் பல மடங்கு. நம் மாவட்டத்தின் மேற்குப் பாறைநிலம் அப்படுகையின் கரை. கிழக்குப் பகுதி அதன் ஓரம்.

நிலம் முற்றிலும் பிரிந்து, நடுவே புதுக் கடல் தோன்றிய பின்னரும் தாழ்தல் நிற்கவில்லை. இழுபட்டு மெலிந்த பகுதி கீழிருந்து வந்த வெப்பத்தால் சூடேறியிருந்தது. அது மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது அடர்த்தி மிகுந்து இறங்கிற்று. இறங்கிய பள்ளத்தில் ஆறுகள் மணலையும் களியையும் கொட்டின. கொட்டிய பாரம் பள்ளத்தை மேலும் அழுத்திற்று. சில பள்ளங்களில் இவ்வாறு படிந்தவற்றின் கனம் 5 கிலோமீட்டருக்கும் மேல்! எந்தக் காலத்திலும் அங்கே ஐந்து கிலோமீட்டர் ஆழமுள்ள பள்ளம் திறந்து கிடந்ததென்று எண்ணிவிடாதீர்கள். நிறைய நிறையத் தாழ்ந்தது. தாழத் தாழ நிறைந்தது.

நிற்க. இவையெல்லாம் வெறும் ஊகமா என்று ஐயுறுவோர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் சென்று வரலாம். நம் படுகையின் மேற்கு ஓரம் அங்கே வெளியே தெரிகிறது. 1840ஆம் ஆண்டுகளில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கல்லான சிப்பிகளைத் திரட்டினர். அவற்றை எட்வர்டு ஃபோர்பஸ் 1846இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு அந்நிலம் முழுவதையும் அளந்து, அடுக்குகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாக வகுத்து 1862இல் எழுதினார். மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா அங்குக் கிடைத்த உயிர்களை வகை வகையாக விவரித்துப் பெருநூல்கள் எழுதினார். அவர் 1874இல், யார்க்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கு மலைகளில் இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அரியலூர் மண்ணில் ஆட்டுக் கொம்புபோல் சுருண்ட சிப்பிகள் கிடைக்கின்றன. நம் வீடுகளில் பூசைக்கு வைக்கும் சாளக்கிராமமும் அவ்வினத்தைச் சேர்ந்த உயிரின் கல்லுருவமே. அது கடலில் வாழ்ந்த உயிர். இன்று கரையிலிருந்து வெகு தொலைவில் உள்ள அவ்வூர்களில் அன்று கடல் இருந்தது. சாத்தனூரில் 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் 18 மீட்டர் நீளம் உடையது. கரையில் நின்ற மரம் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு, கடற்சேற்றில் புதைந்து கல்லாயிற்று. கிருஷ்ணன் நம் தஞ்சைச் சீமைக்காரர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தலைவரான முதல் இந்தியர். இதைச் சொல்லுவதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

இனி அம்மாணவனின் வினாவுக்கு வருவோம். பள்ளங்களில் படிந்த சேற்றோடு நுண்ணுயிர்களும் இலைதழைகளும் கலந்து புதைந்தன. மேலே பாரம் ஏறியது. கீழே சூடு மிகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவை எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. பிறகு கசிந்து மேலேறி, மணற்கல்லின் நுண்துளைகளில் புகுந்து, களிப்பாறை மூடிய இடங்களில் தங்கின. மேடுகளின் மீதும் ஓரங்களிலும் எண்ணெய் கிடைப்பதற்கு இதுவே காரணம். வெடிப்புற்ற அடிப்பாறைக்குள்ளேயே வாயு புகுந்து தங்கிய இடமும் நம் கடற்பகுதியில் உண்டு. ஆகவே ‘கடினப் பாறையில் எண்ணெயா?’ என்று அவன் கேட்டது நகைப்பதற்குரிய கேள்வியன்று. என் கரும்பலகை வாக்கியந்தான் பிழை.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி முதல் ஆழ்துளையைக் காரைக்காலில் 1964இல் இட்டனர். 1980ஆம் ஆண்டுகளில் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் காலம் வந்தது. 2017 பிப்ரவரியில் நெடுவாசல் உள்ளிட்ட 31 சிறு வயல்களுக்கு மத்திய அரசு இசைவளித்தபோது, எங்கள் மாவட்டத்து உழவர்கள் தங்கள் தண்ணீர் கெடும் என்று அஞ்சி எழுந்தனர். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று கூறியவர்களும் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எண்ணெயைக் காத்து வைத்திருக்கும் அதே மணலடுக்குப் படிவுகளின் மேற்பகுதியில்தான் அவர்களுடைய பலாவுக்கும் பூந்தோட்டத்துக்குமான நீர் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே எத்தனை களியடுக்குகள் உள்ளன, அவற்றைத் துளைக்கும் குழாய் எவ்வளவு உறுதியானது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளுக்குத் தடைவிதிக்கும் அச்சட்டத்தில் புதுக்கோட்டையின் சில வட்டாரங்களும் அடங்கின.

நம் கரைபோன்றவற்றை நிலவியலார் அமைதி விளிம்பு என்பர். நிலத்தட்டுகள் இங்கே மோதுவதில்லை. எரிமலையோ பெருநடுக்கமோ பிறப்பதில்லை. அந்தமானும் சுமத்திராவும் அப்படியல்ல. ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் புகும் இடம் அது. 2004 டிசம்பர் 26இல் அங்கே பிறந்த அலை இந்த அமைதிக் கரையில் நாகப்பட்டினத்தை அழித்துச் சென்றது. நம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினக் கரைகளில் அதன் வேகம் தணிந்திருந்தது. குறுக்கே இலங்கை இருந்தமையே காரணம்.

இலங்கையும் நம்மிடமிருந்து பிரிய முயன்ற நிலமே. மன்னார் வளைகுடாவின் அடியில் ஒரு பிளவு தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. அப்பள்ளத்தில் 2011இல் இலங்கைப் பக்கத்தில் எரிவாயு கண்டறியப்பட்டது. பிளவு முற்றியிருந்தால் நடுவே ஆழ்கடல் கிடந்திருக்கும். இன்று பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. ஜெகதாப்பட்டினத்து மீனவர் அங்கே வலையிழுக்கும்போது மடியில் வரும் சேறு, மழைக்காலத்தில் தென்வெள்ளாறு போன்ற ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணே. அந்தப் பள்ளம் இன்னும் நிறைந்துகொண்டிருக்கிறது.