நிறுத்திய வண்டிகளில் எரிபொருள் திருட்டும் தடுப்பும்: மட்டாஞ்சேரி

நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கிலிருந்து உடையவர் அறியாமல் பெட்ரோலையோ டீசலையோ எடுத்துச் செல்வது எரிபொருள் திருட்டு. பம்பில் நிரப்பிக்கொண்டு காசு தராமல் ஓடுவது, டேங்கர் லாரியை வழியில் நிறுத்தி இறக்குவது, குழாய்ப் பாதையில் துளை போடுவது எல்லாம் வேறு வகைக் குற்றங்கள். அவை இக்கட்டுரையில் இல்லை. இங்கே பேசப்படுவது தெருவோரத் திருட்டு. அதற்கு எடுத்துக்கொண்ட இடம் கொச்சியின் மட்டாஞ்சேரி. பழைய சந்தை, ஒடுங்கிய தெரு, இரவில் வந்து விடியலுக்குக் காத்திருக்கும் வெளியூர் லாரி, வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாத வீடு என்று இத்திருட்டுக்கு வாய்ப்பான சூழல்கள் நான்கும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

இடத்தின் இயல்பு

மட்டாஞ்சேரித் தெருக்கள் மோட்டார் வண்டிக்கு முந்தியவை. போர்த்துக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்த அரண்மனை 1555 வாக்கில் எழுந்தது; பரதேசி யூதர் ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. பஜார் ரோட்டின் கிடங்குகளுக்கு ஒரு முகம் தெருவை நோக்கியும் இன்னொரு முகம் காயலை நோக்கியும் இருக்கும். சரக்கு வள்ளத்தில் வந்து பின்புறமாக ஏறிய காலத்தின் அமைப்பு அது. இன்று அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகு எல்லாம் முன்பக்கத் தெரு வழியாக லாரியில் வருகின்றன. தெரு அகலமாகவில்லை.

சரக்கிறக்கும் வேலை பெரும்பாலும் அந்தந்தப் பகுதியில் பதிவு பெற்ற சுமைத் தொழிலாளர்களுடையது. 1978ஆம் ஆண்டுச் சுமைத் தொழிலாளர் சட்டம் வகுத்த முறை இது. நள்ளிரவில் வந்து சேரும் லாரி தொழிலாளர் வரும் வரை நின்றாக வேண்டும். அப்படி நிற்கும் லாரியின் டேங்க் காலியாகவும் இருக்காது. தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரல் 1 முதல் கேரள அரசு பெட்ரோல், டீசலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்த்து வாங்குகிறது. அதனால் கோவை வழியாக வருகிற ஓட்டுநர் மாநில எல்லையான வாளையாறு தாண்டுவதற்குள் திரும்பிப் போகிற ஓட்டத்துக்கும் சேர்த்து நிரப்பிக்கொள்வதுதான் கணக்கு. அந்தச் சிக்கனமே இரவில் அவர் வண்டியைத் திருடன் கண்ணுக்கு உகந்ததாக்குகிறது.

இதே நிலைமை பெரிய அளவில் வல்லார்பாடத்தில் உண்டு. 2011இல் திறந்த சரக்குப் பெட்டக முனையத்துக்கு வரும் டிரெய்லர்கள் சாலையோரத்தில் வரிசையாக நிற்பது கொச்சிக்காரர்களுக்குப் பழகிய காட்சி. மட்டாஞ்சேரிக்குள் மறுபக்கத்தில் இருசக்கர வண்டிகள். கேஎல்-43 என்ற பதிவெண் தாங்கிய ஸ்கூட்டர்களில் பல, வீட்டுக்குள் ஏற்ற வழியில்லாமல் சந்து முனையில் இரவு முழுக்க நிற்கின்றன.

எப்படி எடுக்கிறார்கள்

முறைகள் மூன்று. டேங்க் வாயில் குழாயை விட்டு உறிஞ்சித் தாழ்வான கேனுக்கு இறக்குவது பழைய வழி. எரிபொருள் குழாயைப் பிடுங்கியோ அடிப்பக்க வடிகால் திருகைக் கழற்றியோ எடுப்பது இரண்டாவது. பிளாஸ்டிக் டேங்கில் துளை போடுவது மூன்றாவது. இதில் போகும் பெட்ரோலைவிட டேங்க் மாற்றும் செலவு பல மடங்கு.

வண்டியின் வயதைப் பொறுத்து ஆபத்து மாறும். கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிளில் எரிபொருள் குழாயும் திறப்பும் வெளியே தெரியும்படி இருக்கும். திறக்கச் சாவி வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் விற்ற வண்டிகளில் பெட்ரோல் பம்பு டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது, எஞ்சின் ஓடாதபோது குழாயில் ஒழுக்கு இல்லை. புதிய கார்களில் நிரப்பும் கழுத்து வளைந்து, உள்ளே தடுப்பும் இருப்பதால் குழாய் இறங்குவது கடினம். லாரிக்கு இந்த நன்மை எதுவும் முழுதாகக் கிட்டவில்லை. அதன் டேங்க் சட்டகத்தின் பக்கத்தில், இடுப்புயரத்தில், தெருவைப் பார்த்தபடி தொங்குகிறது. வாய் அகலம், கழுத்து குட்டை, உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான லிட்டர்.

சிறு திருட்டு எல்லாமே தொழில்முறைத் திருடர் வேலை என்று சொல்ல முடியாது. 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் விற்பனைக்கல்லாத 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் கலம் கண்ணாடியானால் ஒரு லிட்டருக்கு மிகக் கூடாது, உலோகமானால் 25 லிட்டருக்கு மிகக் கூடாது. தண்ணீர் பாட்டிலை நீட்டினால் பம்புக்காரர் கை விரிப்பதற்குக் காரணம் இந்த வகை விதிகள்தாம். விதி சரியானது. ஆனாலும் நடுராத்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் இளைஞனுக்குப் பக்கத்தில் நிற்கும் பைக் ஆசை காட்டுகிறது. இவனைத் தடுக்கப் பெரிய கருவி தேவையில்லை, ஒரு சாவி மூடி போதும்.

உள்ளிருந்து போகும் டீசல்

லாரி உரிமையாளர்கள் டீசல் திருட்டு என்று சொல்லும்போது பாதி நேரம் நினைப்பது வெளித் திருடனை அல்ல. ஓட்டுநரோ கிளீனரோ வழியில் பத்து இருபது லிட்டர் விற்றுவிட்டு, சந்தையில் நின்றபோது களவு போனதாகச் சொல்வதும் உண்டு. நிஜமாகவே களவு கொடுத்த ஓட்டுநர் சம்பளத்தில் பிடித்தம் வாங்குவதும் உண்டு. இரண்டாவதுதான் கொடுமை. டேங்குக்குப் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிற ஆள், முந்தைய இரவு முழுக்க ஓட்டி வந்தவர்.

இந்தச் சந்தேகத்தைப் பூட்டு தீர்க்காது, ஏனென்றால் சாவி ஓட்டுநரிடம் இருக்கிறது. அளவுதான் தீர்க்கும். ஒவ்வொரு முறையும் டேங்க் நிறைய நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுத்துக் குறித்து வைப்பது பழைய, இன்றும் தோற்காத முறை. சுமை, சாலை, மலை ஏற்றம் ஆகியவற்றால் மைலேஜ் ஏறி இறங்கும். ஆகவே ஒரு நடையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அதே வழித்தடத்தின் பல நடைகளைப் பார்க்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்களின் எக்ஸ்ட்ராபவர், ஸ்மார்ட்ஃப்ளீட், டிரைவ்டிராக் பிளஸ் போன்ற அட்டைகள் வாங்கிய அளவுக்குச் சாட்சி; வாங்கியபின் டேங்கில் நடப்பதற்கு அவை சாட்சியல்ல.

டேங்குக்குள் நிற்கும் கம்பி போன்ற அளவு உணரியை ஜிபிஎஸ் கருவியோடு இணைத்தால், எஞ்சின் ஓடாதபோது மட்டம் திடீரென்று இறங்குவது உரிமையாளர் கைபேசிக்கு எச்சரிக்கையாக வரும். சரிவில் நிற்கும் வண்டியில் டீசல் ஒரு பக்கம் சாய்வதால் பொய் எச்சரிக்கையும் வரும். பயணிகள் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட ஏஐஎஸ்-140 வகை இருப்பிடக் கருவி இருந்தாலே போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லும், டேங்கின் மட்டத்தை அளப்பது அதன் கடமையில்லை.

தடுக்கும் வழிகள்

எங்கே, எப்படி நிறுத்துகிறோம் என்பது விற்கிற எந்தக் கருவியையும்விடப் பயன் தருவது. பஜார் ரோட்டில் லாரியின் டேங்க் பக்கத்தைக் கிடங்குச் சுவரை ஒட்டி, ஆள் குனிய இடமில்லாதபடி நிறுத்துவது செலவில்லாத வழி. இரண்டு பக்கமும் டேங்க் இருந்தால் இன்னொரு லாரியை ஒட்டி நிற்கலாம். பஜார்களில் ஓட்டுநர்கள் கூட்டாக நின்று முறை வைத்துத் தூங்குவது பல காலமாக நடப்பது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம் கேமராவைவிட நல்லது. முச்சந்தியில் உள்ள கேமராவுக்கு லாரிகளின் இடைவெளியில் உட்கார்ந்திருப்பவன் தெரிய வேண்டுமே.

அடுத்தது டேங்க் கழுத்துக்குள் பொருத்தும் சல்லடைக் கூடை. டீசல் உள்ளே இறங்கும், குழாய் இறங்காது. நல்ல எஃகாக, கழற்ற முடியாதபடி இறுக்கியதாக இருந்தால் இதற்கு இணை வேறில்லை. கூடை போட்டுவிட்டு அடி வடிகால் திருகை மறந்துவிடுபவர்கள் அதிகம். அந்தத் திருகுக்கும் காப்பு வேண்டும்.

சாவி மூடி வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் எரிபொருள் குறையக் குறைய டேங்குக்குள் காற்று நுழைய வழி மூடியிலேயே இருக்கிறது. துளையில்லாத மலிவு மூடியைப் போட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி வண்டி வழியில் நின்றுவிடும். காயல்கரை உப்புக்காற்றில் சாவித் துளை துருப்பிடித்து இறுகுவதும் மட்டாஞ்சேரிக்கே உரிய தொல்லை. மூடியுள்ள பூட்டு வாங்கி, மழைக்காலத்துக்கு முன் எண்ணெய் விடுவது நல்லது.

ஸ்கூட்டர்களில் நிரப்பும் வாய் சீட்டுக்கு அடியில் இருந்தால் சீட்டுப் பூட்டே காவல். வெளியே வாய் வைத்த புதிய மாதிரிகளில் சாவித் துளையிலிருந்தே மூடி திறக்கிறது. பழைய பைக்கில் திறப்பை மூடி வைத்து, குழாய்ப் பகுதியை மறைக்கும் தகடு ஒன்று அடித்துக்கொள்ளலாம். ரயில் நிலையத்திலோ படகுத்துறையிலோ நாள் கணக்கில் விட்டுப் போகிறவர் டேங்கை நிரப்பிவிட்டுப் போகாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட எளிது.

இழப்பு எரிபொருளோடு நிற்பதில்லை

டீசல் முழுதும் போன லாரியில் குழாய்க்குள் காற்று புகுந்து ஏர் லாக் ஆகும். மறுபடி நிரப்பினாலும் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றும் வரை எஞ்சின் பிடிக்காது. பெட்ரோல் வண்டியில் வேறு வம்பு. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. திருடன் மூடியைத் திறந்துபோட்டுப் போக, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை உள்ளே இறங்கினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ஐந்நூறு ரூபாய் பெட்ரோலுக்காக டேங்க் கழற்றிக் கழுவும் செலவு வந்து சேரும்.

தீதான் பெரிய பயம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காற்றோட்டமில்லாத சந்தில் தரையோடு படர்ந்து நிற்கும். டீசல் பாதுகாப்பானது என்ற நினைப்பும் முழுச் சரியில்லை: இந்தியத் தரத்தில் அதன் தீப்பற்று வெப்பநிலைக்கு வைத்த கீழ் எல்லை 35 பாகை செல்சியஸ், கொச்சியின் கோடைப் பகல் அதைத் தொட்டுவிடும். சுற்றிலும் சாக்கு, கயிறு, மரக்கூரை. 1889 ஜனவரியில் தீப்பிடித்த கப்பல் ஒன்று கரையோரமாக மிதந்து ஃபோர்ட் கொச்சியின் கிடங்குகளையும் வீடுகளையும் நூற்றுக்கணக்கில் எரித்த வரலாறு இந்தக் கரைக்கு உண்டு. ஆகவே காலையில் வண்டிக்கடியில் ஈரமும் வாசனையும் கண்டால் முதலில் எஞ்சினைத் தொடாமல், மணலைப் போட்டு மூடி, ஆவி கலைய விட வேண்டும். வாயால் உறிஞ்சும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான அழற்சி வரும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைப்பது அந்த ஆபத்தைக் கூட்டும், நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தட்டுப்பாட்டுக் காலங்கள்

விலையேற்றத்தைவிடத் தட்டுப்பாடே இத்திருட்டை வளர்க்கிறது. 1973 எண்ணெய்த் தடையின்போது அமெரிக்காவில் பூட்டு மூடிகளுக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் சில துளி பெட்ரோலால் மோட்டார் சைக்கிளைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே பெட்ரோல் டேங்கில் நின்றதைவிட அலமாரிப் போத்தலில் நின்றது அதிகம். 2022இல் இலங்கை முழுவதும் வரிசையில் நின்றபோது அரசு ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டையை அறிமுகம் செய்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று பெற்றார்கள். நாலு லிட்டர்தான் ஒரு வாரத்துப் பிழைப்பு என்றால், அதைத் தெருவில் விட்டுத் தூங்க யாருக்கும் மனம் வராது.

சட்டம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. களவு போன பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதன்முறைக் குற்றவாளி அதைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை. இந்த வகைக் குற்றத்தை நீதிபதியின் அனுமதியில்லாமல் காவல்துறை தானாக விசாரிக்கவும் முடியாது. கணக்குப் போட்டால், நிறைந்த ஸ்கூட்டர் டேங்கின் மதிப்பு அறுநூறு ரூபாய்க்குள்; லாரி டீசலிலும் ஐம்பது லிட்டர் வரை அந்த வரம்புக்குள்தான். தெருவோர எரிபொருள் திருட்டு ஏறத்தாழ முழுதும் சட்டத்தின் கண்ணுக்குச் சிறு குற்றமாகிவிடுவது இப்படித்தான். சரக்கு அல்லது பயணிகள் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை என்று 305ஆம் பிரிவு தனியே சொல்வதால், லாரி உரிமையாளர் தரப்பில் அதைச் சுட்டி வாதிட இடம் உண்டு.

மட்டாஞ்சேரி காவல் நிலையத்தில் நேரிலோ, கேரளக் காவல்துறையின் துணா இணையவாசல் வழியாகவோ புகார் தரலாம். நிறுத்திய இடம், நேரம், கடைசியாக நிரப்பிய பம்பு ரசீது, இரவில் எடுத்த எரிபொருள் முள்ளின் படம் ஆகியவை இருந்தால் பேச்சு சுருங்கும். டேங்க் அல்லது பூட்டு சேதமாகியிருந்தால் அதைப் பழுதுபார்க்கும் செலவோடு தனியே எழுத வேண்டும். பல நேரம் அந்தத் தொகைதான் 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. காப்பீட்டை நம்பிப் பயனில்லை: வண்டியே களவு போகாத வரை இருசக்கர வண்டியின் துணைப் பொருள் திருட்டுக்கே பொதுவான பாலிசி இழப்பீடு தருவதில்லை.