தோளிலிருந்து தண்டவாளத்துக்கு

கோவையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் பல்லடத்தைக் கடந்து காங்கேயத்தை நோக்கிச் செல்வோர் வழியில் பொங்கலூரைக் காண்பர். இங்கே சற்றே வசதி பெற்ற வீடுகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. கீழ்த்தளத்தில் பவர்டேபிளும் ஓவர்லாக்கும் ஓடும். மேல்தளத்தில் குடும்பம் குடியிருக்கும். தோட்டத்து ஓட்டு வீட்டில் பிறந்து திண்ணையில் வளர்ந்த தலைமுறை, பனியன் தொழில் தந்த வருவாயில் மாடிக்குக் குடியேறியது. ஓட்டு வீட்டில் வாசற்படி இரண்டோ மூன்றோதான். மாடி வீட்டிலோ இருபது படிகள். வீடு கட்டும்போது எவரும் தம் எழுபத்தைந்தாவது வயதை மனத்தில் வைத்துக் கட்டுவதில்லை.

என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைசிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது அந்த இருபது படிகளும் ஒரு மலையாகிவிட்டன. மறுபரிசோதனைக்குச் செல்லவேண்டிய நாளில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, நானும் தம்பியும் கம்பெனிப் பையன்கள் இருவருமாகக் கீழே இறக்கினோம். வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். திரும்பி மேலே வந்து சேர்ந்ததும், "நாலு பேரு தூக்கற நாளு தானா வரும் கண்ணு. அதுக்கு முந்தி என்னைய யாரும் தூக்கவேண்டாம்" என்றார். அதன்பின் ஏழு மாதங்கள் அவர் மண்ணை மிதிக்கவில்லை.

அவர் மறுத்தது படியை அன்று, தோளை. இதை நான் புரிந்துகொள்வதற்குச் சில மாதங்கள் ஆயின. இயலாத உடலை உயரத்துக்கு ஏற்றும் கருவிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, அதுவும் இந்த மறுப்பைச் சுற்றியே நகர்ந்திருப்பதாகத் தோன்றியது.

நம் மரபில் ஒரு மனிதனை மற்றவர் சுமப்பது இரண்டு இடங்களில் இயல்பாக நிகழ்ந்தது: ஒன்று சிவிகை, மற்றொன்று பாடை. முன்னதில் பெருமை இருந்ததென்றாலும் அதன் அடியில் ஓர் உறுத்தலும் எப்போதும் இருந்திருக்கிறது. சிவிகை சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் எதிரெதிரே நிறுத்தும் திருக்குறளுக்கு உரையாசிரியர்கள் சொன்ன பொருளை இன்றைய வாசகர்களில் பலர் ஏற்பதில்லை. பெரியபுராணத்தில் அந்த உறுத்தல் ஒரு காட்சியாகவே விரிகிறது. திருப்பூந்துருத்திக்கு முத்துச் சிவிகையில் வருகிறார் இளம்பிள்ளையான ஞானசம்பந்தர். அதைத் தாங்குவோருடன் முதியவரான நாவுக்கரசர் யாரும் அறியாமல் தாமும் சேர்ந்துகொள்கிறார். அப்பர் எங்கே என்று பிள்ளை வினவ, கீழிருந்து விடை வருகிறது. கேட்ட மாத்திரத்தில் சம்பந்தர் பதறிக் கீழே இறங்கிவிடுகிறார். தம்மைச் சுமப்பவர் யார் என்று தெரிந்துவிட்டபின் சிவிகையில் அமர்ந்திருக்க முடியாதல்லவா? பெற்ற பிள்ளைகள் தூக்கிய நாற்காலியில் என் தாயார் கண்ணை மூடிக்கொண்டதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மலைக்கோயில்களில் தோள் இன்னும் ஓய்வு பெறவில்லை. சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானம் வரை நால்வர் சுமக்கும் டோலியில் முதியவர்கள் செல்வதை இன்றும் பார்க்கிறோம். பழனியில் ஏறத்தாழ 700 படிகள். அவற்றுக்கு மாற்றாகச் சரிவு குறைந்த யானைப்பாதை ஒன்றும் உண்டு. படியைத் தவிர்த்துச் சாய்வால் ஏறும் எளிய தீர்வு அது. ஆனால் மூட்டு தேய்ந்தவருக்கு அதுவும் எட்டாது. 1966ஆம் ஆண்டில் அங்கே விஞ்ச் என்று நாம் அழைக்கும் மின்இழுவை ரயில் ஓடத் தொடங்கியது. சாய்ந்த தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியை எஃகுக் கம்பிவடம் மேலே இழுக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் 1862ஆம் ஆண்டிலேயே மக்களை ஏற்றிச் சென்ற இழுவை ரயிலின் குலத்தைச் சேர்ந்தது இது. 2004ஆம் ஆண்டு நவம்பரில் பழனிக்கு ரோப்காரும் வந்தது. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலையில் 2024ஆம் ஆண்டில் ரோப்கார் இயங்கத் தொடங்கியது.

கொங்கு நாட்டு முதியவர்களுக்கு விஞ்ச் அந்நியமான பொருளன்று. பாதயாத்திரையாகவே பழனி சென்றவர்கள், கால் தளர்ந்தபின் வரிசையில் நின்று சீட்டு வாங்கி விஞ்சில் ஏறினார்கள். அதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. ஏனெனில் அங்கே எவருடைய தோளும் வலிப்பதில்லை.

மேலை நாட்டில் வீட்டுப் படிக்கான கருவி அரண்மனையில் தொடங்கியது. 1536ஆம் ஆண்டில் குதிரைப் போட்டி ஒன்றில் காயமுற்ற இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி பின்னாளில் உடல் பருத்து நடக்க இயலாதவரானார். அவருடைய வைட்ஹால் அரண்மனையில் மேலும் கீழும் செல்லும் நாற்காலி ஒன்று இருந்ததை வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி 2009ஆம் ஆண்டில் கவனப்படுத்தினார். பணியாளர்கள் கயிற்றால் இழுத்தது அது. 1743ஆம் ஆண்டில் வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி அமைத்த பறக்கும் நாற்காலி எதிர்எடையின் துணையோடு இயங்கியது. சுமை தோளிலிருந்து கயிற்றுக்கு மாறிவிட்டது. கயிற்றின் மறுமுனையில் மட்டும் மனிதன் எஞ்சியிருந்தான்.

அந்த மனிதனை விடுவித்தது மின்சாரம். 1880ஆம் ஆண்டில் மான்ஹைம் பொருட்காட்சியில் வெர்னர் சீமென்ஸ் காட்டிய மின்தூக்கியில் கயிறு இழுக்கவில்லை. தளத்தின் அடியிலேயே மோட்டார் இருந்தது. அதன் பற்சக்கரம் பல்வரிசை கொண்ட தண்டில் கவ்வி ஏறியது. இன்று வீட்டு மாடிப்படியில் ஓடும் நாற்காலிகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுபவை. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சி. சி. கிரிஸ்பென் என்பவர், மாடியிலேயே முடங்கிப்போன நண்பர் ஒருவருக்காகப் படியோரத் தண்டவாளத்தில் செல்லும் மடக்கு நாற்காலியை உருவாக்கினார். இளம்பிள்ளைவாதம் பரவிய காலம் அது. மன்னனின் தேவைக்கு என்றிருந்த கருவி நோயாளி நண்பனின் தேவைக்கு வந்து சேர்ந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

நம் வீட்டுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதில் சில நடைமுறைக் கேள்விகள் எழுந்தன. முதற்கேள்வியை இயன்முறை மருத்துவர் கேட்டார்: முதுகு நிமிர்ந்து உட்கார முடியுமா? முழங்கால் மடங்குமா? கைப்பிடியைப் பற்றி எழ முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் நாற்காலி. இல்லையென்றால் சக்கர நாற்காலியோடு ஏற்றும் மேடை வேண்டும். அதற்கு எங்கள் படியில் இடமில்லை. அடுத்தது படியின் வடிவம். ஒரே நேராகச் செல்லும் படிக்குத் தண்டவாளத்தை அளவாக வெட்டிப் பொருத்திவிடலாம். நடுவில் திரும்பும் படிக்கு ஒவ்வொரு வளைவையும் அளந்து தனியாகச் செய்ய வேண்டும். செலவும் காத்திருப்பும் கூடும். இரண்டு நேர்த் தண்டவாளங்களைப் போட்டு, திருப்பத்தில் நாற்காலி மாறச் செய்யும் மலிவான வழியும் உண்டு. ஆனால் வலுவற்ற காலோடு பாதிப் படியில் எழுந்து மாறுவது ஆபத்து என்று கருதி அதை விட்டுவிட்டோம்.

மின்சாரம் குறித்த அச்சமே எனக்குப் பெரிதாக இருந்தது. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டில் தறியும் தையலும் நின்றதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. பாதிப் படியில் அம்மா நின்றுவிட்டால்? நாற்காலிக்குள்ளேயே மின்கலம் இருக்கிறது, தண்டவாளத்தின் முனையில் நிற்கும்போது அது தானாக மின்னேற்றம் பெறும், மின்சாரம் இல்லாதபோதும் சில முறை ஏறி இறங்கலாம் என்று விளக்கினார்கள். கால்பலகை எதிலாவது இடித்தால் நின்றுவிடும். மேலே சென்றதும் இருக்கை படியைவிட்டு விலகித் தளத்தின் பக்கம் திரும்பும். தண்டவாளம் சுவரில் அன்றிப் படியிலேயே பொருத்தப்படுவதால் சுவர் இடியவேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

மலைப்படிக்கு அறநிலையத்துறை உண்டு. பொதுக் கட்டடங்களின் படிக்குச் சட்டமும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையொட்டி, எவரும் அணுகத்தக்க அமைப்புகளுக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் சொந்த வீட்டின் இருபது படிகள் குடும்பத்தின் பொறுப்பாகவே எஞ்சுகின்றன. அதன் செலவைப் பனியன் ஜாப் ஒர்க் பார்க்கும் எத்தனை குடும்பங்கள் தாங்கும் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழித்துத் தருவதே பல வீடுகளுக்குச் சரியான தீர்வு. நாங்களும் அதை எண்ணினோம். இயந்திரத்தின் ஓசையிலும் பஞ்சுத் தூசியிலும் இருக்க அம்மாவால் இயலாது என்பதால் கைவிட்டோம்.

எல்லாம் முடிவான பிறகும் அம்மா சம்மதிக்கவில்லை. படம் காட்டினோம், செயல்முறை விளக்கினோம், பயனில்லை. கடைசியில் தம்பிதான், "நம்ம பழனி விஞ்சு மாதிரிதானுங்கம்மா, வீட்டுக்குள்ள" என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "இழுக்கறது ஆரு?" என்று கேட்டார். யாரும் இழுக்கவில்லை, பொத்தானை நீங்களே அழுத்தலாம் என்றோம். "அப்பச் சரி" என்றார்.

பொருத்தி முடித்த அன்று தம்பி உடன் இறங்க வந்தபோது கையசைத்து அவனை விலக்கினார். வார் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நாற்காலி மிக மெதுவாக இறங்கியது. இம்முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கீழே வந்ததும் எழுந்து, கைத்தடியோடு வாசலைக் கடந்து, வேப்பமரத்தடி மண்ணில் சிறிது நேரம் நின்றார். பிறகு பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.