செஸ்டர்ஃபீல்டின் முதுகு ஊசி

1947 அக்டோபர் 13. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் உள்ள செஸ்டர்ஃபீல்ட் மருத்துவமனைக்கு வந்திருந்த இரண்டு உழைப்பாளிகளுக்கும் பெரிய நோய் எதுவும் இல்லை. ரோ என்பவருக்கு முழங்கால் குருத்தெலும்பில் கோளாறு. வூலி என்பவருக்கு விரைவீக்கம். இருவரும் வாரந்தோறும் ஒரு சிறு தொகையை அந்த மருத்துவமனைக்குக் கட்டிவந்தவர்கள். உடம்புக்கு முடியாமல் போனால் அங்கே சிகிச்சை பெறும் உரிமை அதனால் கிடைத்தது. இருவருக்கும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, அறுவைச் சிகிச்சையை முடித்தார்கள். சில மணி நேரத்தில் கால்களுக்கு உணர்ச்சி திரும்பியிருக்க வேண்டும். திரும்பவே இல்லை. இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது.

முதுகு ஊசி அப்போது புதிய முறை அல்ல. ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் 1898-லேயே கோகெய்னை வைத்து இதைச் செய்து காட்டியிருந்தார். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கச் சொல்லி, வளைந்த முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை மெல்ல நுழைப்பார்கள். ஊசியின் பின்முனையில் தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் சொட்டும். சரியான இடம் என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்தை அங்கே செலுத்துவார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் ஊசிமுனை அதைக் குத்துவதில்லை. ஆனால் மருந்தோடு வேறு ஏதாவது கலந்து உள்ளே போனால், நரம்புகளைச் சூழ்ந்திருக்கும் அந்தத் திரவத்தில் அது நேராகச் சேர்ந்துவிடும்.

செஸ்டர்ஃபீல்டில் அப்படி என்ன கலந்தது என்பதுதான் வழக்கு. நூபர்கெய்ன் என்ற மரப்பு மருந்து, வாய் மூடி உருக்கிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் வந்தது. குப்பியின் வெளிப்புறத்தில் கிருமி இருக்கக் கூடாது என்பதற்காக அவற்றை ஃபீனால் கரைசலில் மூழ்கவைத்திருந்தார்கள். எங்கோ இடிபட்டு, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த குப்பிகளுக்குள் ஃபீனால் கசிந்து, மருந்தோடு கலந்து, தண்டுவடத்தை அரித்துவிட்டது என்று நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் மயக்கவியல் பேராசிரியர் ராபர்ட் மக்கின்டாஷ் 1951-இல் வெளியிட்ட நூல் இந்த ஆபத்தை மருத்துவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தது. வழக்கிலும் அவர் சாட்சி சொன்னார்.

1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபின் மருத்துவமனைகளின் பொறுப்பு அரசிடம் போனதால், ரோவும் வூலியும் சுகாதார அமைச்சகத்தின் மீதும் மயக்க மருத்துவர் மீதும் வழக்குத் தொடுத்திருந்தார்கள். விசாரணை நீதிமன்றத்தில் தோற்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954-இல் அதையே உறுதிசெய்தது. அங்கே நீதிபதி டென்னிங் சொன்ன காரணம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்: 1947-இல் நடந்த விபத்தை 1954-இன் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே ஃபீனால் கசியும் என்று தெரிந்திருந்தால், மருத்துவர் கரைசலில் அடர்நீலச் சாயம் கலந்து கசிவைக் கண்டுபிடித்திருப்பார். அன்று யாருக்கும் அது தெரியாது. ஆகவே கவனக்குறைவு இல்லை, இழப்பீடும் இல்லை.

மருத்துவருக்கு இது நியாயம்தான். அறியாத ஆபத்துக்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதே அளவுகோலை வைத்தது: சம்பவம் நடந்த நாளில் இருந்த அறிவைக் கொண்டே மருத்துவரின் கவனத்தை எடைபோட வேண்டும். ஆனால் செஸ்டர்ஃபீல்ட் தீர்ப்பு முழுவதும் ஃபீனால் என்ற ஒரே விளக்கத்தின் மேல் நிற்கிறது. ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில், இருவருக்குப் போன மருந்துக் குப்பிகளும் கண்ணுக்குத் தெரியாதபடி கீறியிருக்க வேண்டும். இருவருக்கும் கெடுதல் செய்யும் அளவு ஃபீனால் உள்ளே போயிருக்கவும் வேண்டும். நம்பச் சிரமமான தற்செயல் இது.

ஹட்டர் என்ற மயக்க மருத்துவர் 1990-இல் மயக்கவியல் இதழ் ஒன்றில் வேறு விளக்கம் தந்தார். அக்காலத்தில் சிரிஞ்சையும் ஊசியையும் தண்ணீரில் கொதிக்கவைத்துத்தான் சுத்தம் செய்வார்கள். கொதிகலத்தில் உப்புப் படியும். அதை நீக்க அமிலம் ஊற்றுவார்கள். அந்த அமிலத்தை முழுவதும் வெளியேற்றாமல் அதே கலத்தில் ஊசிகளைக் கொதிக்கவைத்திருந்தால், அமிலம் ஊசியோடு முதுகுக்குள் போயிருக்கும். ஒரே நாளில் அடுத்தடுத்து இருவர் பாதிக்கப்பட்டதற்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

இது உண்மையானால் தீர்ப்பின் அடித்தளமே ஆடிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறலை 1947-இல் யாரும் அறிந்திருக்க முடியாது. அமிலம் ஊற்றிய பாத்திரத்தைக் கழுவ வேண்டும் என்பது எந்தக் காலத்திலும் தெரிந்த விஷயம். அதைச் செய்யாமல் விட்டது கவனக்குறைவே. அந்த நாளில் இது யாருக்கும் தோன்றாததால், இழப்பு முழுவதையும் நோயாளிகளே சுமந்தார்கள்.

அந்த வழக்கோடு, நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவர் ஃபாஸ்டர் கென்னடி 1950-இல் வெளியிட்ட எச்சரிக்கைக் கட்டுரையும் சேர்ந்து முதுகு ஊசி மீது பயத்தைப் பரப்பின. பிரிட்டனில் பல ஆண்டுகள் அது ஒதுக்கிவைக்கப்பட்டது. அமெரிக்காவில் வான்டம், டிரிப்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 10,098 முதுகு ஊசிகளுக்குப் பின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, பெரிய நரம்புச் சேதம் இல்லை என்று 1954-இலேயே எழுதியிருந்தும் அந்தப் பயம் எளிதில் போகவில்லை. இன்று தமிழ்நாட்டில் சிசேரியன் செய்துகொள்ளும் பெண்களுக்குச் சாதாரணமாகப் போடுவது இந்த முதுகு ஊசிதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசிகள் வந்தபின் கொதிகலனும் ஃபீனால் தொட்டியும் அந்த வேலையிலிருந்து விலகிவிட்டன.

இழப்பீட்டு விஷயத்தில், மக்கின்டாஷ் பிறந்த நியூசிலாந்து 1974-இல் வேறு வழியில் போனது. விபத்தில் காயம்பட்டவருக்கு, யார் மீது தவறு என்று கேட்காமலே பொது நிதியிலிருந்து உதவி தரும் திட்டம் அங்கே வந்தது. மருத்துவத்தில் நேரும் அசம்பாவிதங்களும் அதற்குள் வந்தன. இங்கிலாந்திலும் பியர்சன் ஆணையம் இந்த யோசனையை ஆராய்ந்தது. 1978-இல் அது தந்த அறிக்கை, மருத்துவக் காயங்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. இங்கிலாந்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட நோயாளி இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனால், இன்னொருவர் செய்த தவறை இன்றும் அவர்தான் நிரூபிக்க வேண்டும்.