'நான் யார்?' என்னும் வினாவும் மட்டக்களப்பு மாணாக்கரும்

'நான் யார்?' என்னும் வினாவுக்கு இருபது விடைகளை எழுதச் செய்து ஒருவரின் சுய எண்ணக்கருவை அளக்கும் முறையினை, 1954 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமூகவியலாளரான கூன், மக்பாட்லண்ட் ஆகிய இருவரும் வெளியிட்டனர். அயோவாப் பல்கலைக்கழக மாணாக்கரே அதற்கு முதலில் உட்படுத்தப்பட்டோர். 1965 இல் றோசன்பேர்க், நியூயோர்க் மாநில உயர்பாடசாலை மாணவரை ஆதாரமாகக் கொண்டு, பத்துக் கூற்றுக்களாலான சுயமதிப்பு அளவுகோலை அமைத்தார். ஒரு நாட்டின் இளைஞரைக் கொண்டு உருவான இக்கருவிகள் பின்னர் உலகெங்கும் எடுத்துச் செல்லப்பட்டன.

1991 இல் மார்க்கஸ், கித்தயாமா ஆகியோர், மேலைத்தேயத்தவரின் 'தான்' தனித்து நிற்பது என்றும், ஆசியரின் 'தான்' உறவுகளிற் பிணைந்தது என்றும் வேறுபடுத்தினர். ஆயின், 1997 இல் வெளிவந்த கென்ய ஆய்வொன்றில், நைரோபிப் பல்கலைக்கழக மாணாக்கரின் விடைகள் மாசாய், சம்புரு மக்களின் விடைகளைவிட அமெரிக்க மாணாக்கரின் விடைகளையே பெரிதும் ஒத்திருந்தன. மாணாக்கரை அளப்பது அவர்தம் பண்பாட்டை அளப்பதாகாது என்பது இதனாற் பெறப்படும்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நோக்குவோம். 1981 இல் வந்தாறுமூலையில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் அங்கு வரும் மாணவி ஒருத்தி 'நான் இன்ன குடி' என எழுதுவாளாயின், கருவி அதனைக் குழுச்சார்பு என்றே குறித்துக்கொள்ளும். ஆனால், இங்கு குடி தாய்வழியே வருவது. தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் நிலவுவது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் உரிமைகளை வகுத்தது அதுவே. சீதனமாக வீடு மகளுக்குச் சேர, கணவன் அவ்வீட்டுக்குச் செல்வதும் இப்பிரதேச வழக்கமாகும். எனவே குடியைச் சுட்டும் விடையில் உறவு மட்டுமன்றி உரிமையும் அடங்கியுள்ளது. தமிழின் 'நாம்' கேட்போரையும் உட்படுத்தும்; 'நாங்கள்' அவரை விலக்கும். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் ஒரே சொல்லாதலின், அம்மொழியில் அமைந்த கருவி இவ்வேறுபாட்டை அறியாது.

வரலாற்றையும் நாம் மறத்தலாகாது. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையிலிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செப்ரெம்பர் 5 இல், அகதி முகாமாயிருந்த கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற் போயினர். ஒரே குடிமுறையைப் பகிர்ந்த இரு சமூகங்களும் ஒரே பருவத்தில் இவ்வாறு குலைந்தன. இத்தகைய மண்ணில் வளர்ந்தோர் 'நான் பெறுமதியுள்ளவன்' என்னும் கூற்றை ஏற்கத் தயங்குவாராயின், அத்தயக்கத்தை ஆசியப் பண்பாட்டின் அடக்கம் என விளக்குதல் எங்ஙனம் பொருந்தும்? வரலாறு இழைத்த காயத்தைப் பண்பாட்டின் இயல்பாகப் பதிவு செய்வது, காயத்துக்குக் காரணமானோரை விடுவிப்பதேயாகும்.

அளவீடு வேண்டாம் என்பது எமது வாதமன்று. வினாக்கள் இம்மண்ணின் மொழியிலும் உறவுமுறையிலும் இருந்து பிறத்தல் வேண்டும். விடைகள் ஆண்டுகளோடு சேர்த்து வாசிக்கப்படல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.