சேற்று வயலும் தழைச்சத்தும்

ஹௌராவில் வண்டியேறித் தென்னாடு நோக்கி வரும் தமிழன்பர்கள் கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. மகாநதியைக் கடந்து, கோதாவரியையும் கிருஷ்ணையையும் கடந்து, நெல்லூர் வரையில் இருமருங்கும் நீர் தேங்கிய நெல்வயல்கள் தொடர்ந்து வருகின்றன. நிலையந்தோறும் பேசும் மொழி மாறினாலும், வயலில் நிற்கும் நீரும் அதனடியில் கிடக்கும் சேறும் ஒரே தன்மையனவாகவே தோன்றுகின்றன.

அச்சேற்றைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு. இரசாயன உரம் என்பதனையே அறியாத காலத்தில், ஒரே வயலில் ஆண்டுதோறும் நெல் விளைந்து வந்ததே, அதற்கு வேண்டிய தழைச்சத்து எங்கிருந்து வந்தது? இக்காலத்தில் உழவர் விலைகொடுத்து வாங்கி இடும் யூரியாவிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் பயிரைச் சேராமல் போகின்றதே, அஃது எங்கே போகின்றது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. வரவும் செலவும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் கையில் இருக்கின்றன. இந்த உண்மையை மனிதன் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவ்வரலாற்றில் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்க்கும் சிறப்பானதோர் இடம் உண்டு.

தழைச்சத்து என்று உழவர் கூறுவது நைட்ரஜனையே ஆகும். 1772ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு டேனியல் ரூதர்போர்டு இவ்வாயுவைக் காற்றிலிருந்து பிரித்துக் காட்டினார். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இதுவே. ஆயினும் இலைகளைச் சூழ்ந்து நிற்கும் இந்த நைட்ரஜனைப் பயிர் நேரே உண்ண இயலாது. அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாறி, நீரில் கரைந்து, வேரை அடைந்தாலன்றி அது பயிருக்குப் பயன்படுவதில்லை. அந்த மாற்றத்தைச் செய்பவர் யார் என்பதே அறிஞர்களை நெடுங்காலம் மயக்கிய வினா.

இம்மாற்றத்தின் பயனை மட்டும் உலகம் முன்பே அறிந்திருந்தது. பாட்னாவிலும் முசப்பர்பூரிலும் வாழும் நேயர்கள் வெடியுப்பின் கதையைக் கேட்டிருக்கலாம். பீகாரின் சிற்றூர்களில் மாட்டுக் கொட்டில்களின் அருகிலும் பழைய மண்சுவர்களின் அடியிலும், மழை ஓய்ந்து மண் உலரும்போது, வெண்மையான உப்பு பூத்து நிற்கும். நூனியா என்னும் வகுப்பார் அம்மண்ணைச் சுரண்டியெடுத்து, நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சி, வெடியுப்பு எடுத்தனர். வெடிமருந்தின் பெரும்பகுதி வெடியுப்பே ஆதலின், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பாட்னாவில் போட்டியிட்டு அதனை வாங்கினர். பிளாசிப் போருக்கு மறு ஆண்டாகிய 1758இல் பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றிக்கொண்டது. ஐரோப்பியப் போர்க்களங்களில் வெடித்த மருந்தில் பீகார் மாட்டுக் கொட்டிலின் மண்ணும் கலந்திருந்தது என்றால் மிகையாகாது. ஆயினும் அவ்வுப்பு மண்ணில் எவ்வாறு பிறக்கிறது என்பதனை, அதனைக் காய்ச்சியவரும் அறியார், கப்பலேற்றியவரும் அறியார்.

விடை பாரிசில் கிடைத்தது. 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இரு அறிஞர்கள், சுட்ட மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயொன்றின் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல இறங்கச் செய்தனர். முதல் 20 நாட்கள் வரை மாற்றம் ஏதும் இல்லை. பின்னர் அந்நீரிலிருந்த அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றலாயிற்று. மணலில் நடப்பது வெறும் இரசாயன மாற்றமாயின், அது முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும் அன்றோ? குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியபோது அவ்வேலை நின்றது. தோட்டத்து மண்ணைக் கழுவிய நீரைச் சிறிது ஊற்றியதும் மீண்டும் தொடங்கிற்று. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிருள்ள பொருளே ஆதலால், நைட்ரேட்டை உண்டாக்குவன உயிர்களே என்பது உறுதியாயிற்று. 1890இல் ருஷ்ய நாட்டு அறிஞர் வினோகிராட்ஸ்கி, சூரிச் நகரில் பணியாற்றியபோது அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். அம்மோனியாவைப் பிராணவாயுவுடன் சேர்த்து எரிப்பது போன்ற செயலாலேயே அவை வாழ்வு நடத்துகின்றன என்றும் காட்டினார். காற்று இல்லையேல் அவற்றுக்குத் தொழில் இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் இதற்கு நேர்மாறான செயலும் வெளிப்பட்டது. பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் கயோன், துப்பெத்தி என்னும் இருவர், வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜனை வாயுவாக வெளிவிடுவதை 1880களில் மெய்ப்பித்தனர். சுவாசிக்கப் பிராணவாயு கிட்டாத இடத்தில் இவை நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பயன்படுத்திக்கொள்கின்றன. 1886இல் ஜெர்மானியராகிய ஹெல்ரீகல், அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை நேரே பற்றித் தருவதனை அறிவித்தார். இவ்வாறு பற்றுவோர், மாற்றுவோர், விடுவிப்போர் ஆகிய மூவகையினரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அறியப்பட்டனர்.

ஆனால் இவ்வறிஞர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் கோதுமையும் கிழங்கும் விளையும் காற்றோட்டமுள்ள நிலங்களும் கழிவுநீருமே ஆகும். நெல்வயல் அவர்கள் கண்டறியாதது. மாதக்கணக்கில் நீரில் மூழ்கிய சேற்றில் தழையுரத்தையும் மிதித்துவிடுகிறோம். அது அழுகிக் குமிழிகள் கிளம்புகின்றன. அச்சேற்றிலே நெல்வேர் மூச்சுத்திணறாமல் வாழ்வது எப்படி? இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர்கள் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் பணிபுரிந்த ஹாரிசன் என்பவரும், பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் ஆவர். சதுப்பு நெல்வயல்களின் வாயுக்களைப் பற்றி அவர்கள் 1913 முதல் 1916 வரை வெளியிட்ட ஆராய்ச்சித் தொடர் உலகப் புகழ் பெற்றது.

வயற்சேற்றில் எழும் குமிழிகளைச் சேகரித்துப் பார்த்தபோது, அவற்றில் மீத்தேன் என்னும் சதுப்புவாயுவும் நைட்ரஜனும் மிகுந்தும், கரியமிலவாயுவும் ஹைட்ரஜனும் குறைந்தும் இருக்கக் கண்டனர். சேற்றின் மேற்பரப்பில் மெல்லிய படலம் போலப் படர்ந்திருக்கும் பாசியும் நுண்ணுயிர்களும், கீழிருந்து வரும் இவ்வாயுக்களைத் தடுத்து மாற்றுகின்றன என்றும், பாசி வெளிவிடும் பிராணவாயு நீரில் கரைந்து வேர்களுக்கு உதவுகின்றது என்றும் அவர்கள் விளக்கினர். நெற்பயிர் தன் தண்டிலுள்ள காற்றறைகளின் வழியாக வேருக்குத் தானே காற்றைக் கொண்டு செல்வதும் பிற்கால ஆராய்ச்சிகளில் நன்கு விளங்கிற்று. ஆயினும் சேற்றின் மேற்புறமும் உட்புறமும் வெவ்வேறு உலகங்கள் என்ற கருத்துக்குக் கோயம்புத்தூரில் அன்றே வித்திடப்பட்டது.

1911இல் ஹவாய்த் தீவில் கெல்லி என்பவர், நெல்லுக்கு நைட்ரேட்டு உரத்தைக் காட்டிலும் அம்மோனிய உரமே ஏற்றது என்று காட்டியிருந்தார். அதன் காரணம் பையப்பையத் தெளிவாயிற்று. பிற்காலத்தில் மைசூரில் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய வி. சுப்பிரமணியன், இளமையில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் நீர் தேங்கிய மண்ணை ஆராய்ந்து, 1927இல் தம் முடிபுகளை வெளியிட்டார். நீர் தேங்கிய மண்ணில் அம்மோனியா மேன்மேலும் சேர்கின்றது என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. காற்றில்லாத சேற்றில் அதனை நைட்ரேட்டாக்கும் உயிர்கள் வேலை செய்ய இயலாதன்றோ?

இங்கிலாந்தின் ஏரிகளில் மார்ட்டிமர் என்பவரும், ஜப்பானின் நெல்வயல்களில் ஷியோயிரி என்பவரும் 1940களை ஒட்டிய ஆண்டுகளில் இப்புதிரை முழுதும் அவிழ்த்தனர். காற்றில் பரவுவதை நோக்க, நீரில் பிராணவாயு ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஆதலின் வயலில் நீர் கட்டிய சில நாட்களுக்குள் சேற்றிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் கனமுள்ள ஏடு ஒன்று மட்டும், நீரின் வழியே வரும் சிறிதளவு காற்றைப் பெற்றுப் பழுப்பு நிறமாக இருக்கும். அதன்கீழ் உள்ளது சாம்பல் நிறமோ கருநீலமோ கொண்ட காற்றற்ற சேறு.

உழவர் உரத்தை நீரின்மேல் வீசும்போது அது முதலில் மேலேட்டில் தங்குகிறது. அங்கே காற்றுண்டு, ஆகவே அம்மோனியா நைட்ரேட்டாகின்றது. அந்நைட்ரேட்டு நீரோடு கீழே இறங்குகிறது. அங்கே காற்றில்லை, ஆகவே அதனைச் சிதைக்கும் உயிர்கள் வாயுவாக்கி வானத்துக்கு விட்டுவிடுகின்றன. மேல்மாடியில் ஒருவன் காசை மாற்றிக் கீழே போட, கீழே நிற்பவன் அதனைப் பொறுக்கி வெளியே எறிவது போன்றது இது. உழவர் கண்ணுக்கோ சில குமிழிகளன்றி வேறொன்றும் தெரியாது. வயலை அடிக்கடி காயவிட்டு நீர் கட்டினால், சேறு முழுவதுமே மாறி மாறி இவ்விரு நிலைகளையும் அடைந்து இழப்பு மிகும். அம்மோனியாவின் ஒரு பகுதி நைட்ரேட்டாகாமலே வெயில் நேரத்தில் நீரின்மேல் ஆவியாகிப் போவதும் உண்டு.

இனி வரவுக் கணக்கைக் காண்போம். உரமின்றியே விளைந்த பழைய வயலுக்குச் சத்து தந்தவர் யார் என்ற கேள்விக்கு டாக்கா நகரத்து பி. கே. தே என்னும் அறிஞர் விடை கண்டார். வங்காள நெல்வயல்களின் நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்குத் தருகின்றன என்பதனை அவர் 1939இல் இலண்டன் ராயல் சொசைட்டி இதழில் நிறுவினார். பின்னர்க் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆர். என். சிங் அவ்வாராய்ச்சியை வளர்த்து, 1961இல் அதனை நூலாக வெளியிட்டார். தில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் ஜி. எஸ். வெங்கட்ராமன் அப்பாசியை வளர்த்து உழவர் கையில் சேர்க்கும் முறையைப் பரப்பினார். வரப்போரத்தில் வழுக்கும் பாசியை நாம் அழுக்கென்று ஒதுக்கினோம். நம் பாட்டன்மார் உண்ட சோற்றில் அதன் உழைப்பும் இருந்தது.

பாசியின் வரவு பழைய விளைச்சலுக்குப் போதுமானது. புதிய விளைச்சலுக்குப் போதாது. ஜெர்மனியில் ஹேபரும் போஷும் வகுத்த முறையால் 1913 முதல் அம்மோனியா ஆலைகளில் உற்பத்தியாகி வருகின்றது. 1960களின் பிற்பகுதியில் குட்டை நெல் வகைகள் பரவியபின் நம் நாட்டு வயல்களில் யூரியா பெருகிற்று. ஆயினும் நெற்பயிர் ஏற்பது பொதுவாக அதன் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கோ சற்று மிகுதியோ ஆகும். எஞ்சியதில் சிறிது மண்ணில் தங்க, பெரும்பகுதி ஆவியாகவும் வாயுவாகவும் நீரோடும் போய்விடுகின்றது. போகும் வாயுக்களுள் நைட்ரஸ் ஆக்சைடு என்பதும் ஒன்று. எடைக்கு எடை ஒப்பிட்டால், ஒரு நூற்றாண்டுக் கால அளவில், கரியமிலவாயுவைப் போல் ஏறத்தாழ 270 மடங்கு புவியைச் சூடேற்ற வல்லது அது. எனவே உழவரின் பணநட்டம் உலகத்தின் நட்டமும் ஆகின்றது.

சேற்றின் இயல்பை அறிந்தவர்க்கு மாற்றும் புலப்பட்டது. உரத்தை மேலே வீசாமல், காற்றற்ற ஆழத்தில் மண்ணுருண்டைக்குள் வைத்தோ பெரிய குருணையாகவோ பதித்தால், அம்மோனியா அம்மோனியாவாகவே நின்று வேருக்குப் பயன்படும். நைட்ரேட்டாக்கும் உயிர்களின் வேகத்தைத் தணிப்பது மற்றொரு வழி. வேம்பின் பொருள்களுக்கு அவ்வாற்றல் உண்டென்று தில்லியில் 1970களில் ஆராய்ந்து கண்டனர். உள்நாட்டு யூரியா முழுவதும் வேம்பெண்ணெய் பூசியதாக இருத்தல் வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு ஆணையிட்டது.

நாம் அறிந்ததே முடிந்த முடிபு என்று கருதுதலும் தகாது. காற்றில்லாத இடத்தில் அம்மோனியா மாறாது நிற்கும் என்றே எண்ணியிருந்தோம். அங்கும் அதனை நைட்ரைட்டுடன் இணைத்து நைட்ரஜன் வாயுவாக்கும் உயிர்கள் இருத்தல் கூடும் என்று வியன்னாவின் புரோடா 1977இல் கணக்கிட்டுக் கூறினார். 1995இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் கழிவுநீர்த் தொட்டியொன்றில் அச்செயல் நடப்பது வெளிப்பட்டது. பின்னர்க் கடலடி வண்டலிலும் நெல்வயலிலும் அதனைக் கண்டனர்.

இவ்வுயிர்களை உழவரின் பகைவர் என்று பழித்தலும் பொருந்தாது. கல்கத்தாவின் கிழக்கே, வங்காளத்தார் ‘பேரி’ என வழங்கும் ஆழமற்ற மீன்குளங்களில் மாநகரின் கழிவுநீர் பாய்கின்றது. பாசியும் மீனும் அதன் சத்தை உண்ண, குளத்தடிச் சேற்றின் நுண்ணுயிர்கள் மிகுதியான நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. வயலில் இழப்பாகும் செயலே அங்கே தூய்மையாகின்றது. 2002இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடையதாக ஏற்கப்பட்டது. அத்தகைய நிலத்தை வீண்நிலமென்று தூர்த்துக் கட்டடம் எழுப்புவோர், கூலி கேளாத பணியாளரைக் கொன்று புதைப்பவர் ஆவர்.

அடுத்த முறை வண்டியில் ஊருக்குச் செல்லும்போது, கட்டாக் நகரைக் கடக்குங்கால், 1946இல் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் என்னும் பெயரில் தொடங்கிய நிறுவனம் அங்கே இயங்கி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சாளரத்தின் வெளியே தோன்றும் வயலில் ஓர் உழவர் உரத்தைக் கைநிறைய அள்ளி வீசுவாராயின், அவர் வீசுவதில் எத்தனை பங்கு நெல்லாகும், எத்தனை பங்கு காற்றாகும் என்பது, ஒரு விரலின் கனமும் இல்லாத அந்தப் பழுப்பு ஏட்டில் முடிவாகின்றது. அதனை அறிந்து அவருக்கு எடுத்துச் சொல்ல வல்லவர் உங்கள் உறவினருள் ஒருவரேனும் ஊரில் இருப்பார். அவரிடம் இச்செய்தியைச் சொல்லி வைப்பது நன்று.